கொட்டிலில் கிடந்த மொறிஸ் மைனர்

விடியக்காலை நாலே முக்கால். வத்தேகமவிலிருந்து இறங்கும் தோட்டத்து ரோட்டில் ஈ காக்கை இல்லை... பனி மட்டும். இது என் சிநேகிதி டிலானியின் சித்தி ஜெயராணிக்கு நடந்தது. சித்தி இதை முக்கால்வாசிதான் சொல்வாள். மிச்சத்தைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

ஜெயராணியின் புருஷன் திருச்செல்வத்துக்குப் பழைய கார்ப் பைத்தியம். கல்யாணங்களுக்கு வாடகைக்கு, ஹயருக்கு, விடுவதுதான் தொழில், ஆனால் வாயைத் திறந்தால் கம்பெனி கம்பெனியாகச் சரித்திரம். "ஹில்மன் சொகுசுக்காரன். ஆஸ்டின் மாடு மாதிரி உழைப்பான். இந்த மொறிஸ் மைனர் மட்டும் ஆள் பாத்துதான் ஓடுவான்" என்பார். அன்றைக்கு மஹய்யாவக் கல்யாணத்துக்கு அவர்கள் கொண்டுபோனது ஒரு மொறிஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி, தோட்டத்துப் பங்களாக் கொட்டிலில் நாற்பது வருஷம் கிடந்ததை வாங்கித் தேற்றியிருந்தார். அதன் பழைய டிரைவர், எந்நேரமும் சுருட்டும் வாயுமாக இருந்தவர், இன்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் சுற்றும்போது, உள்ளே யாரோ கியரில் விட்டிருக்க, கார் பாய்ந்து அவரை மதகோடு சேர்த்து நசுக்கிவிட்டதாம். திருச்செல்வம் இதையும் சரித்திரத்தோடு சரித்திரமாகச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஒரு வளைவில் இன்ஜின் நின்றது. பெட்டரி சோர்ந்துவிட்டது.

"நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் ஹேண்டில் போட்டு சுத்துறேன். புடிச்சதும் எக்ஸிலேட்டர மெதுவா அமுக்கு. நியூட்ரல்ல இருக்கு, கியர்ல கை வச்சிராத!"

அவர் குனிந்தார். பொனட்டுக்கு மேலே தலைமயிர் மட்டும் தெரிந்தது.

கர்ரக்... கர்ரக்...

பெட்ரோல் வாசத்துக்கு நடுவே சுருட்டு வாசம். திருச்செல்வம் பீடிகூடத் தொடாத மனுஷன். பிறகு... யாரும் தொடாமலே கியர்த் தண்டு அசைந்தது.

ஜெயராணி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். அது கியரில் விழப் பார்த்தது. முன்னால் அவள் புருஷன்! "ஏங்க, தள்ளிப் போங்க!" என்று கத்தினாள். கண்ணாடி ஏற்றியிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை. முழங்கையால் ஹார்னை அமுக்கினாள். தொண்டை கட்டினமாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். முருகா, இந்த மனுஷன மட்டும் எடுத்துக்காத...  பிடியை விடவில்லை.

கர்ரக்... டுர்ர்ர்ர்.

இன்ஜின் பிடித்தது. தண்டு சட்டென்று தளர்ந்தது.

பொனட்டுக்கு மேலே தலையைக் காணோம்.  அப்போதுதான் வலப்பக்கக் கதவு திறந்தது. பனியில் ஊறிய வெள்ளைச் சட்டை. அப்பாடா, மனுஷன் உயிரோடு இருக்கிறார்! அவள் இடப்பக்கம் நகர்ந்து, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இந்தச் சனியன நாளைக்கே யாருக்காவது குடுத்துருங்க."

அவர் கியரைப் போட்டார். கார் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டியிருக்கும். அவள் மடியில் போன் அடித்தது.

"ஏ ஜெயா! பீலித் தண்ணியில கை கழுவிட்டு வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிட்டியே..." திருச்செல்வத்துக்கு மூச்சு வாங்கியது. "ஒனக்கு எப்படி ஓட்டத் தெரிஞ்சுச்சு?"

ஜெயராணி வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் வேகமெடுத்தது.