அமெரிக்காவில் ஒரு பூவரசு

— முதல்ல உக்காருங்க பாண்டிராஜ் சார். தமிழ்வாணிக்கு அடிமை வேஷம் குடுத்துட்டேன்னுதானே வந்திருக்கீங்க? ஆக்சுவலா அதை நான் குடுக்கல. உங்க பொண்ணாத்தான் கையைத் தூக்கிக் கேட்டா.

— கேட்டாளா? எம் மகளா?

— ஆமா சார். பேரன்ட்ஸ் தப்பா எடுத்துக்குவாங்களோன்னு எனக்கே உள்ளுக்குள்ள உதறல்தான். வேணும்னா இப்பவே மாத்திடுறேன். முதலாளியம்மா வேஷம் இருக்கு. கவுன், தொப்பியெல்லாம் ஆரப்பாளையத்துல வாடகைக்குச் சொல்லியாச்சு.

— கவுனும் வேணாம், தொப்பியும் வேணாம் சத்யப்ரியா டீச்சர். அவளை நாடகத்துல இருந்தே எடுத்துருங்க.

— நாளை மறுநாள் ஆண்டு விழா சார். இப்பப் போயி...

— நான் சண்டைக்கு வரல, சொல்றேன்ல. ஈபி ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வந்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாடகத்தை எழுதுனது நீங்கதானே?

— நானேதான். அடிமைமுறையைப் பாடமாப் படிச்சா பிள்ளைங்க மனசுல ஒட்டாது சார். ஆளா, கதையா பாக்கணும். அதான் அமெரிக்கா, பருத்திக்காடு, இருநூறு வருஷத்துக்கு முன்னாடின்னு எழுதுனேன். ரிகர்சல்லயே ஆறாங்கிளாஸ் மொத்தமும் அழுதுருச்சு.

— அழுதுருச்சா. சரி. ரெண்டாவது காட்சியில அந்த அடிமைப் பிள்ளைக்கு மண்ணுல குழி தோண்டி, பூவரச இலையைப் பரப்பி, அதுல கூழு ஊத்துறாங்க. நேத்து ராத்திரி அவ நோட்டைப் புரட்டும்போது பாத்தேன்.

— அதுதான் சார் நாடகத்துக்கே உயிர்.

— அமெரிக்காவுல பூவரச மரம் ஏது டீச்சர்?

— ஏதோ ஒரு இலை சார். கற்பனைதானே.

— கலயத்தைத் தூக்கிப் பிடிச்சு, மேல பட்டுறாம, எட்டி நின்னு ஊத்துறான்னு எழுதியிருக்கீங்க. குடிச்சு முடிச்சதும் அந்தப் பிள்ளையே குழியை மூடிச் சாணி தெளிக்குது. வெள்ளைக்காரன் வீட்டு வாசல்ல சாணித் தண்ணியா டீச்சர்?

— எங்கயாவது படிச்சிருப்பேன்.

— எங்க?

— சார், ப்ளீஸ்.

— கோவத்துல கேக்கல, சொல்றேன்ல. எனக்கு அது தெரிஞ்சாகணும்.

— எங்க வீட்டுல சார். போதுமா? எங்க அப்பா சொல்லுவாரு. சின்னப் பையனா இருக்கும்போது அந்தக் கூழை ஊத்துறது அவரு வேலையாம். எங்க வயல்ல அடிமையாட்டம் கெடந்த படியாளுங்க பிள்ளைங்க ஆளுக்கொரு குழி முன்னாடி குத்தவச்சிருக்குமாம். ஒரு சொட்டு வெளிய சிந்தாம ஊத்துவேன்னு பெருமை பேசுவாரு. பொங்கலுக்கு எல்லாரும் கூடுனா எந்திரிச்சு நடிச்சே காட்டுவாரு. வீடே சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேன் சார்.

— உங்களுக்கு எந்தப் பக்கம்?

— பரவைக்கு மேக்க, ஆத்துக்கு இந்தப் பக்கம். உங்களுக்கு?

— ஆத்துக்கு அந்தப் பக்கம். உங்க அப்பாவை எங்க ஆளுக கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. ஊரு வேற, ஆளு வேற. குழி மட்டும் ஒண்ணுபோல இருந்திருக்கு.

— அப்ப உங்க வீட்டுலயும்...

— எங்க அக்கா. செல்லக்கிளின்னு பேரு. ஆறு வயசுல மாடு மேய்க்கப் பண்ணைக்கு விட்டாங்க. அப்ப நான் பொறக்கவே இல்ல. பொறந்து, பள்ளிக்கூடம் போற வயசு வந்ததும், என்னையும் மாட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பண்ணையில கேட்டாங்களாம். தம்பி படிக்கட்டும், அவனுக்கும் சேத்து நானே பாக்குறேன்னு கல்யாணம் கட்டுற வரைக்கும் அது அங்கயே கெடந்துச்சு. அது குழியில குடிச்ச கூழுலதான் டீச்சர் நான் இன்ஜினியர் ஆனேன். இருநூறு வருஷமெல்லாம் இல்ல. எங்க அக்காவுக்கு இப்ப அறுபது தாண்டிருச்சு, அம்புட்டுத்தான்.

— எனக்கு உங்க முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு சார்.

— ஏன் அதை அமெரிக்காவுக்கு அனுப்புனீங்க?

— பயம்னு சொல்லலாம். கிளாஸ்ல பாதி எங்க சொந்தக்காரப் பிள்ளைங்க. விழாவுக்கு அப்பா முன் வரிசையில வந்து உக்காருவாரு. ஆனா உண்மையில பயமில்ல சார், வெக்கம். வெள்ளைக்காரன் செஞ்சான்னு சொல்லிட்டா நான் பாட்டுக்கு நிம்மதியாப் பாடம் நடத்திட்டு வீட்டுக்குப் போயிடலாம்ல? போன வாரம் ஒரு பிள்ளை எந்திரிச்சு, மிஸ், நம்ம ஊருல அடிமைங்க இருந்தாங்களான்னு கேட்டுச்சு. சீ சீ, நம்ம ஊருல அதெல்லாம் கிடையாதும்மான்னு வாய் கூசாம சொன்னேன்.

— எந்தப் பிள்ளை?

— தமிழ்வாணிதான்.





— எங்கிட்டயும் கேட்டா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது. நானும் வாய் கூசாமத்தான் சொன்னேன். அதெல்லாம் வேற நாட்டுல, நீ சோத்தைத் தின்னுன்னேன்.

— நீங்க எதுக்கு சார் மறைக்கணும்? வெக்கப்பட வேண்டியது நாங்கதானே?

— கேக்க நல்லாருக்கு டீச்சர். ஆனா ஆபீஸ்ல எந்த ஊருன்னு கேட்டா மதுரைதான்னு சொல்லிப் பேச்சை மாத்திருவேன். அக்கா எங்க வீட்டுக்கு வந்திருக்கும்போது நாலு பேரு வந்தா, அதை அடுப்படியில இருக்கச் சொல்லிருவேன். அது வாயைத் திறந்து பழசு எதையும் பேசிறக் கூடாதுன்னு. எம் மக தலை நிமிந்து நடக்கணும், அதுக்கு எதுவும் தெரிய வேணாம்னு நெனச்சேன். இப்ப அவ மேடையில குழி முன்னாடி குத்தவைக்கப் போறா. மருமக நாடகம்னா அக்கா செல்லூர்ல இருந்து வராம இருக்காது. கீழ உக்காந்து அதைப் பாத்துச்சுன்னா மனசு ஒடஞ்சு போயிரும். அதுக்காகத்தான் ஓடி வந்தேன்.

— அந்தக் காட்சியை எடுத்துடுறேன் சார். இல்ல, நாடகமே வேணாம். ஒரு டான்ஸ் வச்சுக்கிறேன்.

— அதைச் செய்யுங்க. எல்லாருக்கும் நல்லது.

— மிஸ், உள்ள வரலாமா? அய், அப்பா! நீங்க எப்பப்பா வந்தீங்க?

— வா தமிழ். இங்க பாரு கண்ணு, இந்த நாடகம் வேணாம்னு மிஸ்ஸும் நானும் பேசிக்கிட்டு இருக்கோம்.

— ஏம்ப்பா? நான் சூப்பராக் கத்துக்கிட்டேனே! மிஸ், நீங்க சொல்லித் தந்தது தப்பு மிஸ். கூழைக் கையால அள்ளக் கூடாது. சாணி அள்ளுன கையாச்சே, கழுவத் தண்ணி தர மாட்டாங்களாம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு, குனிஞ்சு, வாயை வச்சு உறிஞ்சணும். நடிச்சுக் காட்டவா?

— வேணாம் தமிழ். எந்திரி, அப்பா சொல்றேன்ல. இதை யாரு உனக்குச் சொன்னது?

— செல்லக்கிளி அத்தை. நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னுட்டீங்க. அத்தைகிட்ட கேட்டேன். அதுதான் தரையில உக்காந்து செஞ்சு காட்டுச்சு. நான் அழுதேன் மிஸ். அது அழவே இல்ல. என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இந்த வேஷத்தை நீயே கேட்டு வாங்கிப் போடு தாயின்னுச்சு.

— அக்காவா சொல்லுச்சு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே தமிழ்.

— சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சுப்பா. "ஒங்கப்பனுக்கு என்னைய நெனச்சாலே வெக்கம் தாயி, நான் கூட்டத்துக்குக் கடைசியில நின்னு ஒன்னையப் பாத்துட்டு அவன் கண்ணுல படாமப் போயிருவேன்"னு சொல்லுச்சு.