நாற்பத்து மூன்றாவது தட்டு

உதவி என்று கேட்டால் நான் முகம் சுளிப்பதில்லை. ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில் யாரை விசாரித்தாலும் இதையே சொல்வார்கள்.

முனிவேலுக்குப் பார்வை கிடையாது. டெலிபோன் ஆபரேட்டர்; ஆறு மாதம் தேறினால் நிரந்தரம். எந்த ஷிஃப்டில் யார் எந்த எண்ணில் இருப்பார்கள் என்பதைத் தொண்ணூற்றொன்பதில் கம்பெனி வலைப்பக்கத்தில் ஏற்றினோம். செய்தவள் நான். பிரிவுக்கு ஒரு பொத்தான், அழுத்தினால் அந்த ஷிஃப்டின் எண் மட்டும் வரும்; பொத்தான்கள் எல்லாம் அழகான படங்கள். அவனுடைய கணினி திரையை வாய்விட்டு வாசிக்கும். ஆனால் படங்களுக்கு நான் பெயர் எழுதியிருக்கவில்லை. அவன் டேப் விசையைத் தட்டத் தட்ட, கணினி ஒவ்வொரு பொத்தானாக நகர்ந்து, "லிங்க், லிங்க்" என்று மட்டும் சொல்லும்.

அதனால் என்னைக் கூப்பிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். ராயக்கோட்டை பஸ்ஸில் கன்னடத்தில் சண்டை போட்டுத் தெலுங்கில் சமாதானமான கதையெல்லாம் சொல்வான். என் வீட்டில் யாரும் என்னிடம் அவ்வளவு பேசுவதில்லை.

ஒரு திங்கட்கிழமை அவன் கூப்பிடவில்லை. நானே போனேன்.

"எண்ணி வெச்சுட்டேன்க்கா. நாப்பத்திரெண்டாவது தட்டு கேண்டீன், நாப்பத்தி மூணு ஸ்டோர்ஸ். இனி உங்களுக்கு ரெஸ்ட்டு."

சந்தோஷப்பட்டேன். அன்று மாலை பக்கத்தின் உச்சியில் ஓர் இணைப்பைச் சேர்த்தேன். புள்ளியளவு படம், பின்னணியின் நிறத்திலேயே. கண்ணுள்ளவர்களுக்குத் தெரியாது; டேப் விசைக்கு மட்டும் ஒரு தட்டு கூடும்.

மறுநாள் போனில் ஸ்டோர்ஸைக் கேட்டு, பேரிங் இருக்கிறதா என்று விசாரித்த பெங்களூர்க்காரரிடம், கேண்டீன் ராசாத்தி சாம்பார் தீர்ந்துவிட்டது என்றாள்.

"என்னாக்கா இது, ஸ்டோர்ஸ் எந்திரிச்சி நடந்துபோச்சா?"

"கம்ப்யூட்டர்னா அப்படித்தான் முனிவேலு."

மறுபடி எண்ணினான். அடுத்த திங்கள் இன்னொரு புள்ளி. கெட்டிக்காரன், கீழிருந்து எண்ணத் தொடங்கினான். கீழேயும் ஒன்று வைத்தேன்.

பொத்தான்களுக்குப் பெயர் எழுத அரைமணி நேரம் போதும்தான். மேலாளர் சௌந்தரராஜன் இரண்டு முறை கேட்டார். நேரம் கிடைக்கவில்லை என்றேன். வேலை அப்படி.

விசாரிக்க வந்த நீங்கள் தாளில் வட்டமிட்டிருக்கும் பதினொரு புள்ளிகளும் நான் வைத்தவை, மறுக்கவில்லை. பதினொன்றாவது வாரம் முதலாளியின் அழைப்பே கேண்டீனுக்குப் போய்விட்டது. முனிவேலை நிரந்தரமாக்கவில்லை.

வேலை நீக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தான். நிதானமாக, இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். நீங்களே சொல்லுங்கள், நான் இல்லையென்றால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?