யாரும் குடிக்காத பாட்டில்

சாறு எடுப்பதற்குக் கிளிமூக்கு மாம்பழம்தான் தோது, மேடம். தின்ன அவ்வளவு ருசி இருக்காது. ஆனால் சுண்டக் காய்ச்சினாலும் நிறம் கறுக்காது, மணமும் நிற்கும். தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் கம்பெனியில் பதினோரு வருஷமாக அந்தக் கெட்டிச் சாற்றைப் பரிசோதிக்கிற வேலை என்னுடையது. புளிப்பு, இனிப்பு, கிருமி எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். நான் கையெழுத்துப் போட்ட சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு தடவை காய்ச்சி இறக்குவது ஒரு ஈடு. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாட்டில் எடுத்து, முத்திரை வைத்து, அலமாரியில் பூட்டி வைப்போம். வெளியே ஏதாவது தகராறு என்றால், தப்பு எங்கள் கம்பெனியிலா, வாங்கினவர்களிடமா என்பதை அந்த பாட்டிலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சாவியும் முத்திரையும் என்னிடம் இருந்தன.

என் வீட்டுக்காரர் தமிழழகனும் அங்கேதான் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழிவுத் தொட்டியை அலச இறங்கியவர், விஷவாயு தாக்கி உள்ளேயே போய்விட்டார். இடுப்பில் கயிறு இல்லை, மேலே ஆள் இல்லை. முதலாளி காசிநாதன் விசாரணைக்கு வந்தவர்களிடம், குடித்துவிட்டுச் சொல்லாமல் இறங்கினார் என்று எழுதிக் கொடுத்தார். வெற்றிலைகூடப் போடாத மனுஷன் அவர். நான் போய்க் கேட்டேன். காசிநாதன் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"இன்னாம்மா பண்றது, அப்டி எழுதலன்னா கம்பெனிய மூடிடுவாங்க. நூறு பேரு வயித்துல அடிக்கணுமா? செத்தவனுக்கு இனிமே இன்னா வந்துடப் போவுது?"

சரிங்க என்று வந்துவிட்டேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் பொண்ணு ஆனாள். அந்த ஆளை நான் வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன். ஆனாலும் வேலையை விடவில்லை. தூரப் போய்விட்டால் எதுவும் கைக்கு எட்டாது.

இந்த மார்ச்சில் மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு மாணவர் விடுதியில் ஆண்டு விழா. எங்கள் சாற்றில் தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சச் சாற்றைப் பயத்தில் கொட்டிவிட்டார்களாம். அதனால் எங்கள் அலமாரியில் இருந்த பாட்டிலை எடுக்க அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஈடு சுத்தமானது. நானே பார்த்தது.

அன்று சாயங்காலம் விடுதியில் சமைக்கிற ஆயம்மாள் போன் செய்தார். எனக்கு ஒன்றுவிட்ட அக்கா.

"எழிலு, எனக்கு மேல் தொட்டி தண்ணி மேலதான் சந்தேகமா இருக்குது. ஒரு மாதிரி வாட அடிக்குது. பஸ்ஸுல ஒரு பாட்டில் குடுத்து அனுப்பறேன், பாத்து சொல்லு. புள்ளைங்க அதத்தான் குடிச்சிக்கினு இருக்குதுங்க."

தண்ணீர் வந்தது. சோதித்தேன். அவர் சந்தேகப்பட்டது சரிதான். நான் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், காசிநாதன் தப்பித்துவிடுவார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

புளிப்பில் கிருமி நெடுநேரம் தாங்காது. அதனால் அதிகாரிகள் வந்த அன்று காலையில்தான் முத்திரையை உடைத்தேன். ஆயம்மாள் அனுப்பிய தண்ணீரைக் கொஞ்சம் அதில் ஊற்றிக் கலக்கி, மறுபடி முத்திரை வைத்தேன். அந்த பாட்டிலை யாரும் குடிக்கப் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு ஆயம்மாளைக் கூப்பிட்டேன்.

"தண்ணி நல்லா இருக்குதுக்கா. தகிரியமா குடுங்க."

அப்பாடா என்றார். பாவம், ரொம்பப் பயந்துபோயிருந்தார்.

பாட்டில் தேறவில்லை. கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. காசிநாதனைக் கூட்டிப்போனபோது, சத்தியமா எங்க சரக்கு இல்லைங்க என்று நூறு பேர் முன்னால் அழுதார். ஒருவரும் நம்பவில்லை. அன்று மதியம், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பூட்டு விழுந்த பதினேழாம் நாள் அதே விடுதியில் மறுபடியும் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். கம்பெனி பூட்டிக் கிடக்கும்போது எப்படி என்று நீங்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தீர்கள். ஆயம்மாள் என் பெயரைச் சொன்னார். இந்தத் தடவை அபிநயா என்று ஒன்பது வயதுப் பிள்ளை, மலையிலிருந்து வண்டி இறங்குவதற்குள் போய்விட்டது.

முத்திரையை உடைத்தது, ஊற்றியது, பொய் சொன்னது எல்லாம் நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

காசிநாதனை நாளைக்கு விட்டுவிடப் போகிறீர்கள் என்றார்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை, மேடம். ஒரு பிள்ளை செத்திருக்கிறது. அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டாமா?