போதும் என்பதற்கு இந்தியில் என்ன?

தலைமை நாற்காலியைத் தம் பொறுமையால் அலங்கரிக்கும் சகோதரி ஹம்சா அவர்களே! மன்றத்தின் செயலாளராக மைக்கையும் சுமந்து, மனிதர்களின் மனஸ்தாபங்களையும் சுமக்கும் தம்பி சேஷன் அவர்களே! ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் மஃப்ளர் என்று மூக்கு மட்டும் தெரிய முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! காலைச் சமையலை முடித்துவிட்டு, மாலைச் சமையலை மனத்தில் மூட்டிவைத்து, நடுவில் கிடைத்த இரண்டு மணி நேரத்தை இந்தச் சரோஜினி நகர்க் கூடத்துக்குக் கொடையாகக் கொடுத்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும் வருங்காலமே! உங்கள் அத்தனை பேருக்கும் என் மூட்டுவலி அனுமதிக்கும் அளவுக்குக் குனிந்து வணங்குகிறேன்.

தம்பி சேஷன் என்னை அறிமுகம் செய்தார். "திருமதி லீலாவதி மாணிக்கவாசகம், இல்லத்தரசி" என்றார். அத்தோடு உட்கார்ந்துவிட்டார். முப்பத்தேழு வருட டில்லி வாழ்க்கை நாலு சொல்லில் முடிந்துவிட்டது! விட்டுப்போனதை நானே நிரப்பிவிடுகிறேன்.

என் மூத்த மகன் ராஜசேகரனின் பெண் பிரியதர்ஷினி, சட்டம் படிக்கிறாள். முதல் வருடத்திலேயே விவாதப் போட்டியில் வெள்ளிக் கோப்பை. அவள் தம்பி ரமேஷ்குமார், ராணுவ அகாடமித் தேர்வில் எழுத்திலும் தேறி, நேர்முகத்திலும் தேறி, ஓட்டத்திலும் தேறியவன். கடைக்குட்டி மதுமதி, சென்ற மாதம் குடியரசு தின அணிவகுப்பில் பள்ளிக் குழந்தைகளோடு ஆடினாள். டிவியில் நாலு நொடி தெரிந்தாள். இரண்டாவது வரிசை, இடமிருந்து ஆறாவது. என்ன லட்சுமி மாமி, பார்த்தீர்களா? மூன்று பேருக்கும் தமிழ் எழுத்து மட்டும் பிடிபடவில்லை. என் கடிதத்தை அவர்கள் அப்பா வாசித்துக் காட்டவேண்டும். அதைக் கோப்பையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லிவிட்டேன்.

இத்தனை பெருமையும் எனக்கு எப்படி வந்தது? நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு ஆற்றைக் கடக்கவேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்டவளுக்கு மன்றத்தார் கொடுத்திருக்கும் தலைப்பைப் பாருங்கள். "அன்றாட நற்பழக்கங்களும் அளவான காபியும்." டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டார்களாம், அவருக்கு நேரமில்லையாம். எனக்கு நேரமிருக்கிறது. களைப்பும் இருக்கிறது. களைப்போடுதான் பேசப்போகிறேன், நிமிர்ந்து முழங்குவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நல்ல பழக்கங்கள் எவை? உங்களுக்குத் தெரியாதா? விடிந்ததும் ஒரு செம்பு தண்ணீர். வெயில் ஏறுமுன் பூங்காவைச் சுற்றி நாலு நடை. கீரையில்லாத நாளில்லை என்று ஒரு தீர்மானம். பசித்தபின் உணவு, பாதி வயிற்றில் நிறுத்தம். விளக்கணைத்தால் தூக்கம். இதெல்லாம் தெரியாமலா நாம் கெட்டோம்? தெரிந்தே கெட்டோம். தெரிந்தே நடக்கவில்லை, தெரிந்தே தண்ணீர் குடிக்கவில்லை, தெரிந்தே காபி குடித்தோம்.

அந்தக் காபியை எப்படிக் குடிக்கிறோம்? குளிர்ந்தால் காபி. வெயிலடித்தால் காபி. ஊரிலிருந்து கடிதம் வந்தால் காபி. வராவிட்டால் அந்தக் கவலைக்குக் காபி. விருந்தாளி வந்தால் அவருக்குக் காபி. அவர் போனதும் நமக்குக் காபி! கரோல் பாகில் ஒற்றை அறையில் குடியிருந்த நாளிலேயே எனக்கென்று இருந்த சொத்து ஒரு பித்தளை ஃபில்டர். டோக்கன் பாலுக்கு வரிசையில் நின்று, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கண்ணெதிரே பொடி அரைக்கவைத்து, நான் போட்ட காபியில் ஒரு குளமே வெட்டியிருக்கலாம். கை அலுத்துவிட்டது, அம்மா. ஆனால் அலுப்பைப் பற்றிப் புலம்ப நான் மேடையேறவில்லை. ஒரு தப்பைச் சொல்ல ஏறியிருக்கிறேன்.

என் இளைய மகன் ராஜவேலுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை, அசாமில் போஸ்டிங். அவன் மனைவி வள்ளி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, உண்டாகியிருந்தாள். அசாமில் வசதி போதாது என்று போன கோடையில் என்னிடம் விட்டுப்போனான். பெண்ணுக்கு இந்தி தெரியாது. எனக்குத் தெரியும்! எவ்வளவு தெரியும்? "பையா, கித்னா?", "கம் கரோ", "ஜல்தி தோ", "பஸ், பஸ்." விலை கேட்க, குறைக்க, அவசரப்படுத்த, நிறுத்தச் சொல்ல. இதை வைத்துக்கொண்டு இந்த ஊரையே ஆண்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம். வள்ளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் நானே, டாக்டரம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளரும் நானே.

ரத்தத்தைச் சோதித்தார்கள். எட்டு. பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் எட்டு. டாக்டரம்மா சிவப்பு மாத்திரை எழுதினார். இரும்புச் சத்து மாத்திரை. வெளியே ஐம்பது பேர் நிற்கிற அவசரத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தின் மே ஏக் கோலி காஃபி ஹை, மாதாஜி."

நான் தலையாட்டினேன். எனக்கா புரியாது? தின் என்றால் தினம். ஏக் கோலி என்றால் ஒரு மாத்திரை. காஃபி என்றால்?

(ஆமாம் தம்பி, நீங்கள் சிரிக்கிறீர்கள். இங்கே பிறந்தவர்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்னைப்போல் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் புரியவில்லை, எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.)

தினம் ஒரு மாத்திரை, காபியோடு. இவ்வளவுதானே? இதற்கு மேல் ஒரு வைத்தியம் நம் வீட்டுக்குப் பொருந்துமா! மறுநாள் காலை முதல் டிகாக்‌ஷன், கொதிக்கும் பால், நுரை பொங்க ஒரு டம்ளர், பக்கத்தில் மாத்திரை. வள்ளி முகத்தைத் திருப்பினாள்.

"அத்தை, வாசனையே குமட்டுது. தண்ணியில போட்டுக்கிடுதேனே."

"டாக்டர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"இல்லை, அத்தை."

"எனக்குப் புரிஞ்சுது. குடி."

குடித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கக் குடித்தாள். ஒரு நாள் தவறவிடவில்லை நான். நல்ல பழக்கம் என்றால் தவறாமல் செய்வது என்றுதானே சொல்கிறோம்? தவறைக்கூடத் தவறாமல் செய்தேன்.

ஒரு மாதம் கழித்துச் சோதனை. ஏழு புள்ளி எட்டு. இன்னொரு மாதம். ஏழு புள்ளி ஒன்று. மாடிப்படி ஏறினால் வள்ளி நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளங்கை காகிதமாக வெளுத்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, இப்படியே போனால் பிரசவத்தில் இவள் தாங்கமாட்டாள் என்று கையைக் காட்டிச் சொன்னார். கை காட்டியதால் அது மட்டும் சரியாகப் புரிந்தது. மாத்திரையை இவள் தூக்கி எறிகிறாளா என்றும் அதே கையால் எறிந்து காட்டிக் கேட்டார்.

தாய்மார்களே, அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் தலையணைக்கு அடியில் தேடினேன். பால்கனித் துளசித் தொட்டியில் மண்ணைக் கிளறினேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதும் விட்டேனா?

"நெசத்தைச் சொல்லு. வாயிலே போட்டுட்டு அப்புறம் துப்பிடுறியா?"

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். என் வீட்டுக்காரர், பேப்பர் படிக்கிற மனிதர், அன்றைக்குப் பேப்பரை இறக்கினார். "லீலா, வயித்துப் பிள்ளைக்காரியைத் திருடி மாதிரி விசாரிக்கிறியே" என்றார். நான் அவருக்கும் பதில் வைத்திருந்தேன். பதிலுக்கா எனக்குப் பஞ்சம்?

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கோபமாகவே கேட்டார், "கோலி கைஸே லேதீ ஹை?" எப்படிச் சாப்பிடுகிறாள் என்கிறார். நான் முந்திக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு பேர் கேட்கும்படி சொன்னேன்: "ஆப் போலா ந! ஏக் கோலி, காஃபி! ரோஜ் கரம் கரம் காஃபி!"

நீங்கள்தானே சொன்னீர்கள், தினமும் சுடச்சுடக் காபியோடுதான் என்றேன். நர்ஸ் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்குவது தெரிந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். டீயோ காபியோ, சோறோடும் மாத்திரையோடும் சேர்த்துக் குடித்தால் இரும்பை உடம்பில் ஏறவிடாமல் மறித்துவிடும் என்று, பேப்பரில் டம்ளர் படம் போட்டு, அதன் மேல் குறுக்குக்கோடு இழுத்து எனக்குக் காட்டினார். "காஃபி போலா, காஃபி நஹீன் போலா" என்று, சொன்னேன் என்றும் சொல்லவில்லை என்றும் அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, எனக்குத் தலை சுற்றியது.

அப்போது வள்ளி பேசினாள். குனிந்தபடி பேசினாள்.

"அத்தை, இந்தியில காஃபின்னா போதும்னு அர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும்னு சொல்லியிருக்காங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கீழ காய்க்காரன் கொத்தமல்லி கட்டுறப்போ சொல்லுவான். இத்னா காஃபி ஹை, இவ்வளவு போதுமான்னு. ஒரு மாசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சே?"

"காபி கெடுதல்னு எனக்குத் தெரியாதே, அத்தை. நீங்க டாக்டர்கிட்ட பேசுறதை எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையாச் சொல்லுவீங்க. எப்படித் திருத்துறதுன்னு இருந்திட்டேன்."

கேட்டீர்களா? அவளுடைய ரத்தத்தைக் குடித்தது காபியா? காபி வெறும் பொடி. பாவம், அதற்கு வாயில்லை. குடித்தது என் பெருமை! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்ற என் பெருமை. ஒரு பெண் தன் உயிரைவிட மாமியாரின் இந்தியை மதித்து மௌனமாக இருந்தாளே, அந்த மௌனத்தை அவள் வாயில் ஊற்றியவள் நான், கரம் கரமாக!

(கைதட்ட வேண்டாம். இது கைதட்டுகிற இடம் இல்லை.)

அன்றிலிருந்து மாத்திரை எலுமிச்சைச் சாற்றோடு. காபி வீட்டிலிருந்தே போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி, எனக்குக் காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. அவளுக்கு வேண்டவே வேண்டாம். ஐ.என்.ஏ.வில் முருங்கைக் கீரை கிடைத்த நாளெல்லாம் முருங்கைக் கீரை. வெயிலில் இரண்டு பேரும் மெதுவாக நடந்தோம். ஆறு வாரத்தில் ஒன்பதே கால். பத்துக்குப் போகுமுன் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. ஆனால் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றவேண்டியிருந்தது. கொடுத்தவர் இதோ, மைக்கைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொள்கிறாரே, தம்பி சேஷன். இதற்குக் கைதட்டுங்கள்.

சகோதரிகளே! இந்த ஊருக்கு வந்து எத்தனை வருடம்? எத்தனை கடையில், எத்தனை வீட்டில், எத்தனை ரயிலில் வாய் நிறையக் "காபி, காபி" என்று கேட்டிருக்கிறோம்? நாம் காபி என்று கேட்ட ஒவ்வொரு முறையும் இந்த ஊர் "போதும்" என்று பதில் சொல்லியிருக்கிறது! காலையில் கேட்டோம், போதும் என்றது. பகலில் கேட்டோம், போதும் என்றது. நாலாவது டம்ளரை நீட்டினோம், அப்போதும் அதே சொல்லைச் சொன்னது. காதில் விழுந்தது, கருத்தில் விழவில்லை. இனிமேலாவது டம்ளரைக் கையில் எடுக்கும்போது அந்தச் சொல்லை இந்தியில் ஒரு தரம் கேளுங்கள். அதைவிட முக்கியம்: உங்கள் வீட்டில் பேசாமல் டம்ளர் கழுவுகிறவள் ஒருத்தி இருப்பாள். அவளை ஒரு தரம் கேளுங்கள். "நான் சொன்னது சரியா, அம்மா?" என்று கேளுங்கள். வாய் வலிக்காது. எனக்கு வலித்தது, பழகிக்கொண்டேன்.

கால் கடுக்கிறது. முடிக்கிறேன். ஒரு மாமியாரின் தப்பைப் பொறுமையாகக் கேட்ட சபைக்கு என் நன்றி. நேரம் கடந்தும் மணியடிக்காத தலைவிக்குத் தனி நன்றி.

தம்பி சேஷன் இந்தப் பேச்சை டேப்பில் பிடிக்கிறார். ஒரு கேசட் அசாமுக்குப் போகிறது. ஆகவே கடைசி வார்த்தை உங்களுக்கில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். வள்ளி, கேட்கிறாயா? நல்லாயிருக்கியா, அம்மா? நீங்கள் எல்லாரும் அங்கே போய் நாலு மாதமாகிறது. நீ அனுப்பிய போட்டோ வந்தது. குழந்தை கொழுகொழுவென்று நடுவிலே இருக்கிறாள். உன்னுடையது அவளைப் பிடித்திருக்கும் கை மட்டும்தான் விழுந்திருக்கிறது. அதுவும் கறுப்பு வெள்ளையில். புதிதாக ஒன்று எடு. கலரில் எடு. குழந்தையை ராஜவேல் வைத்துக்கொள்ளட்டும், நீ தனியாக வெளிச்சத்தில் நில். முகத்தில் ரத்தம் ஏறியிருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும். சீக்கிரம் தபாலில் போடு. வணக்கம்.