படலத்துக்கு அடியில்

சிரிக்காதீங்கடா... பேய்னா ராத்திரிதான் வரணுமா என்ன? இது நடந்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு. ஈ காக்கா இல்லாத ரோடு... அது முடியற இடத்துல ஒரு சோலார் பேனல் பேக்டரி. என் கூட்டாளியோட மாமா அங்க சூப்பர்வைசர். சொந்த நிழலையே சந்தேகப்படுற ஆளு.

அங்க என்ன பண்ணுவாங்கன்னா... கண்ணாடியைப் பளிச்சுன்னு கழுவி, ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள அனுப்புவாங்க. கதவை மூடினதும், உள்ள இருக்கிற காத்து மொத்தத்தையும் பம்பு உறிஞ்சிடும். அப்புறம் ஒரு வாயுவை விடுவாங்க... வெளிக்காத்து பட்டா தானா பத்திக்கிற வாயு. அதுலேர்ந்துதான் சிலிக்கான் கண்ணாடி மேல படலமாப் படியும். தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெலிசா. உள்ள இருநூறு டிகிரி சூடு... ஈசல்கூட உயிரோட இருக்காது.

கொஞ்ச நாளா சில கண்ணாடியில கை பதிஞ்சு வருது. அஞ்சு விரலும் தெளிவா. துடைச்சாப் போகல... படலத்துக்கு அடியில இருக்கு. அப்படின்னா, படலம் படியறதுக்கு முன்னாடியே யாரோ வெறுங்கையால தொட்டிருக்கணும்.

மாமாவுக்குக் கண்ணாடி கழுவுற அக்கா மேலதான் சந்தேகம். அந்த ஒரு சம்பளத்துல ரெண்டு பிள்ளைங்களை வளக்குறவங்க.

"கையுறையைக் கழட்டிட்டுத் தொடுற, இல்ல? இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா... நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

"நான் தள்ளி நிக்கிறேன் சார். நீங்களே கழுவி அனுப்பிப் பாருங்க."

மனுஷன் அசரணுமே! தானே கழுவினாரு. விளக்குல பிடிச்சு மூலைமூலையாப் பாத்தாரு... ஒரு பொட்டு அழுக்கு இல்ல. தானே உள்ள அனுப்பினாரு.

டக்... கதவு மூடிச்சு. உம்ம்ம்னு பம்பு. அக்கா கையைக் கட்டிக்கிட்டு எதிர்லயே நிக்கிறாங்க. இவர் அவங்க கையை விட்டுக் கண்ணை எடுக்கல.

பம்பு நின்னுச்சு. சூடான இரும்பு வாசனை... கண்ணாடி மெதுவா வெளிய வருது.

இந்தத் தடவை ரெண்டு கை. நல்லா விரிச்சு... உள்ள இருந்து கதவைத் தள்ளுற மாதிரி. அதுக்கு நடுவுல வட்டமா ஒரு தடம். குளிர்ல ஜன்னல்கிட்ட வாயை வச்சு ஊதினா பதியுமே... அது.

மாமா துணியால தேக்கிறாரு. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... போகல.

அக்காதான் கேட்டாங்களாம், ரொம்ப மெதுவா.

"வேலை போனாப் போகட்டும் சார்... உள்ளதான் காத்தே இல்லையே. மூச்சு விட்டது யாரு?"