பெஞ்சு டாக்டருக்குப் பிரியாவிடை

காய்ச்சலுடன் வந்தவரைக் கவலையின்றி அனுப்பிய கைராசிக்காரரே! முப்பத்தோர் ஆண்டுகள் இந்த இரண்டறை மருத்துவமனையைக் கட்டிக்காத்த குடும்ப மருத்துவரே! மாணவர்கள் சூட்டிய பட்டப்பெயரை மறுக்காமல் ஏற்ற பெஞ்சு டாக்டரே! வணக்கம்.

பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர் எவராயினும், முதல் நாள் வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொல்லி ஆணியில் மாட்டுவீர்கள். கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து, நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார வைப்பீர்கள். முறை வந்து உள்ளே நுழைந்ததும், "வெளியில என்ன கேட்டீங்க?" என்பதே உங்கள் முதல் பாடம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தார். இதய அறுவை நிபுணராவது அவர் கனவு. "சளி இருமலுக்குச் சீட்டு எழுதவா இவ்வளவு படிச்சேன்?" என்று மருந்தாளுநரிடம் அலுத்துக்கொண்டார். "அந்தச் சீட்டைப் படிக்கிறதுக்குத்தாம்மா நானே இவ்வளவு படிச்சேன்" என்றார் மருந்தாளுநர்.

முறை வந்ததும் அந்த மாணவி தயங்கியபடி உள்ளே வந்தார். குழந்தையின் இருமலுக்காக வந்திருந்த ஒரு தாய், தன் மார்பில் கட்டி இருப்பதை உங்களிடம் சொல்லக் கூசி, பெஞ்சில் பக்கத்தில் இருந்த இவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். நீங்கள் மழுப்பவில்லை. "மூணு வருஷமா வர்றாங்க. நான் குழந்தையை மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றீர்கள். அந்தத் தாய் இன்று நலம். இதை இங்கே எழுதச் சொன்னதும் அவரே.

உங்களுக்குப் பின் வர ஆளில்லையென்றால் இந்தக் கதவு மூடப்படும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இருமுறை அறிவித்தும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. குடும்ப மருத்துவம் படித்துத் தேறியிருந்த அதே மாணவியை அழைக்கும்படி, செவிலியர் அக்கா முதல் துப்புரவுப் பணியாளர் வரை கெஞ்சினோம். "நான் கூப்பிட்டா மரியாதைக்கு வருவா. மரியாதைக்கு வந்தவ எத்தனை நாள் இருப்பா?" என்று மறுத்தீர்கள். உங்கள் மேல் நாங்கள் கொண்ட கோபத்துக்கு இன்று மன்னிப்புக் கேட்கிறோம்.

சென்ற திங்களன்று, மடித்த கோட்டைக் கையில் பிடித்தபடி பதினொன்றாம் எண் டோக்கனோடு, யாரும் அழைக்காமலே அந்த மாணவி உள்ளே வந்தார். பழக்கதோஷம், உங்கள் வாயில் அதே கேள்விதான் வந்தது.

"இந்த இடத்தை மூடிடுவாங்களோன்னு எல்லாரும் பயப்படுறாங்க சார். மூட மாட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்."

நீங்கள் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தீர்கள். பிறகு எழுந்து, உங்கள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினீர்கள்.

ஐயா, குறைவற்ற நலத்தோடு பல்லாண்டு வாழ்க! உடம்புக்கு முடியாதபோது இங்கேயே வாருங்கள். உங்களுக்கும் டோக்கன் உண்டு, பெஞ்சும் உண்டு. உள்ளே போனதும் என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

என்றும் அன்புடன்,
மருத்துவமனைப் பணியாளர்கள்