நெல்லிக்காய்க் கிரகம்

இல்லைங்க, உங்க மேல இல்ல. பஸ்ஸுல போகும்போது ஜன்னலுக்கு வெளிய துப்புனது தப்புத்தான். உங்க பேப்பரைப் பாத்ததும் அந்தாளுங்க மூஞ்சி ஞாபகம் வந்துருச்சு, அவ்வளவுதான்.

இந்தா, உங்க பேப்பர்ல இந்தச் செய்தியைப் பாருங்க. சூரியனைவிடச் சின்னதா, சூடு கம்மியா, செவந்து கெடக்குற ஒரு நட்சத்திரம். அதைச் சுத்தி வியாழன் மாதிரி ராட்சசக் கிரகம் இருக்காம். கண்ணால பாக்கலைங்க. கிரகம் இழுக்குற இழுவையில நட்சத்திரம் லேசா ஆடுதுல்ல, அந்த ஆட்டத்தை வச்சே கண்டுபிடிச்சிருக்காங்க.

இதையேதாங்க போன வருசம், தொண்ணூத்தேழுல, பதுளை விஞ்ஞானப் போட்டியில சுபாஜினி செஞ்சு காட்டுச்சு. பூனாகலைத் தோட்டத்துப் புள்ளை. நான் அங்கதான் படிப்பிக்கிறேன். செவப்புச் சாயம் பூசுன எலுமிச்சங்காய்தான் சூரியன். கறுப்பு பூசுன நெல்லிக்காய் கிரகம். ரெண்டையும் ஒரு ஈர்க்குல குத்தி, நூல்ல தொங்கவிட்டுச் சுத்துச்சு. நெல்லிக்காய் சுத்தச் சுத்த எலுமிச்சங்காயும் ஆடுது. அவ்வளவு அழகு.

மூணு ஜட்ஜு. ஒருத்தன் வாய் நெறைய ரோல்ஸ அடைச்சுக்கிட்டுக் கேக்குறான், சூரியன்னா பூசணிக்காய் அளவு வேணாமா, தோட்டத்து லயத்து வீட்டுல சூரியனும் சின்னதாத்தான் உதிக்குமோன்னு. மத்த ரெண்டும் இளிக்குது. கருமம். கடைசியில சோடா கக்குற எரிமலைக்குப் பரிசு.

ஜெயிச்சிருந்தா டவுன் ஸ்கூல்ல எடம், ஹாஸ்டலோட. எங்க பள்ளிக்கூடத்துல, பல்கலைக்கழகம் போறதுக்கான ஏ.எல். விஞ்ஞானம் கெடையாது. இப்ப அது தேயிலைக் கொழுந்து எடுக்குது. ரோட்டுல கண்டா வணக்கம் சார்னு வேற சொல்லுது, அதைத்தான் தாங்க முடியல.

அதுக்கு யாரு சொல்லிக் குடுத்ததா? நான்தாங்க. கொழும்புல இருந்து ஒரு பழைய புத்தகம் கெடச்சுச்சு, வரி வரியா தமிழ்ல சொல்லிக் குடுத்தேன். இத்தனூண்டு நட்சத்திரத்துக்கும் பெரிய கிரகம் இருக்கலாம், இன்னும் யாரும் காணலைன்னு.

அந்த ரோல்ஸ்காரனும் அதைத்தான் கேட்டான், இந்தக் கோமாளித்தனத்தைச் சொல்லிக் குடுத்தது யாருன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். புத்தகம் என் பையில இருக்கு. எனக்கு எடமாத்தம் வர்ற நேரம், அதுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது அந்தாளு. எனக்குத் தெரியாதுங்க சார், புள்ளை அதுவா செஞ்சுக்கிச்சுன்னு சொல்லிட்டேன்.

அது என்னைய ஒருக்கா பாத்துச்சு. அப்புறம் அந்தாளுகிட்டச் சொல்லுச்சு, ஆமாங்க சார், நானாத்தான் செஞ்சேன்னு.